பர்கூ கரண்டியும் காணாமல் போன கல்யாணமும்

செத்துப்போனவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்களா இல்லையா என்று கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கும் ஆள் கென்டக்கி முழுவதும் தேடினாலும் நான் ஒருவன்தான் இருப்பேன். உயிரோடு இருப்பவர்கள் விஷயத்தில் எனக்கு அந்தத் திறமை கிடையாது. என் நிச்சயதார்த்தம் முறிந்துபோன செய்தியே எனக்கு முடிவெட்டும் கடையில்தான் தெரிந்தது.

என் முதலாளி டெல்ஃபியா கிரம்ப். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் தீப்பிடித்த கொட்டகைகளைத் துப்பறிந்து, ஓய்வு பெற்றபின் வம்சாவளி துப்பறிய இறங்கியவர். கொட்டகையைக் கொளுத்தியவனைவிடக் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிப் பேசுகிறவன்தான் அதிகம் புளுகுவான் என்பது அவர் அனுபவம். நான் எம்மட் பக்னர். அவருக்கு டிரைவர், உதவியாளர், தேவைப்பட்டால் சாட்சி. முன்பு சவ ஊர்தி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஈமச்சடங்குக்காரர் புது வண்டி வாங்கியபோது பழையதைச் சல்லிசாக எனக்கே தள்ளிவிட்டார். அதில்தான் இப்போது துப்பறியப் போகிறோம்.

அன்று சனிக்கிழமை, மார்ஸ்டன் கவுண்டி தினம், அதாவது எங்கள் மாவட்டத்தின் திருவிழா. கோர்ட் வாசலில் தொட்டி அளவு இரும்புக் கொப்பரையில் ஆட்டிறைச்சி, கோழி, மக்காச்சோளம், அவரை எல்லாம் சேர்ந்து முந்தின நாளிலிருந்து பர்கூ என்கிற கெட்டிக் குழம்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. நண்பகல் மணி அடித்ததும் ஊருக்கே ஊற்ற வேண்டும். கரண்டி பிடிக்கும் உரிமை, இந்தக் கவுண்டியில் சட்டப்படி முதன்முதலாகக் கல்யாணம் செய்துகொண்ட ஜோடியின் வாரிசுக்கு மட்டும். யார் ஏற்படுத்திய வழக்கம் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்காகச் சர்ச்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இத்தனை வருஷமும் கரண்டி வெர்பீனா புரூயிட் கையில் இருந்தது. எழுபதைத் தாண்டியவர். கணவன் இல்லை, பிள்ளை இல்லை, ஒரு நாய்கூட இல்லை. வருஷம் முழுக்க ஒற்றைத் தட்டில் சாப்பிட்டுவிட்டு அந்த ஒற்றைத் தட்டையே கழுவி வைக்கிறவர். அந்த ஒரு நாள்தான் மொத்த ஊரும் அவர் முன்னால் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நிற்கும்.

இந்த வருஷம் குளோவிஸ் ஹேகர்ட் அதற்கு வேட்டு வைத்துவிட்டான்.

குளோவிஸ் மாட்டு ஏலம் விடுகிறவன். ஐம்பது வயது, எட்டு ஊருக்குக் கேட்கும் தொண்டை. வெர்பீனா எங்களைக் கூலிக்கு அமர்த்தியதன்பேரில் காலை ஒன்பது மணிக்கு நாங்கள் கோர்ட்டின் ஆவண அறைக்குள் நுழைந்தபோது, பழைய கல்யாணப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, ஏலத்துக்கு வந்த மாட்டின் பல்லைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். வெர்பீனா எதிர் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவன் வாதம் சுருக்கமானது. அந்தக் காலத்தில் கல்யாணம் என்றால் முதலில் மாப்பிள்ளையும் இன்னொரு ஆளும் கோர்ட்டுக்கு வந்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை எதுவும் இல்லை என்று ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இன்னொரு ஆள் அநேகமாகப் பெண்ணின் அப்பாவாகவோ அண்ணனாகவோ இருப்பான். அப்புறம் கிளார்க் தரும் அனுமதிச் சீட்டைப் போதகரிடம் கொடுத்தால் கல்யாணம். அது முடிந்தபின், இன்னாரை இன்னாருக்கு நான் மணமுடித்து வைத்தேன் என்று போதகர் அறிக்கை தர வேண்டும். வெர்பீனாவின் முன்னோர் ஜூபல் புரூயிட், கெசையா லாம்ப் இருவருக்கும் 1799 ஏப்ரலில் எழுதிய ஜாமீன் பத்திரம் இருக்கிறது. கெசையாவுக்கு அப்பன், அண்ணன் இல்லாததால் பக்கத்துப் பண்ணைக்காரன் ஜாமீன் போட்டிருக்கிறான். அவன் பெயர் எஸ்ரா ஹேகர்ட். ஆம், குளோவிஸின் முன்னோர்தான்.

ஆனால் போதகர் அறிக்கை இல்லை.

"ஜாமீன்ங்கறது பண்ணிக்கப்போறேன்னு சொல்றது. பண்ணிக்கிட்டாங்கன்னு எங்க எழுதியிருக்கு?" என்றான் குளோவிஸ். "எழுதினது எழுதினதுதான், எழுதாதது எழுதாததுதான். வெர்பீனாக்கா, நான் வருத்தப்பட்டுத்தான் சொல்றேன். உங்க பாட்டி தாலி கட்டிக்காமலே குடித்தனம் நடத்தியிருக்கா."

வருத்தப்படுகிறவனுக்கு வாயெல்லாம் பல்லாக இருந்தது. அதே புத்தகத்தில் அடுத்த கல்யாணம் ஜூனில். எஸ்ரா ஹேகர்ட்டுக்கும் டெம்பரன்ஸ் யோடருக்கும். பத்திரமும் உண்டு, அறிக்கையும் உண்டு. ஆக, கரண்டி ஹேகர்ட் குடும்பத்துக்கு. கவுண்டி ஜட்ஜ் ஆர்விட் நான்ஸ், மணி அடிப்பதற்குள் அறிக்கை வந்தால் பார்க்கலாம், வராவிட்டால் கரண்டி கைமாறும் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார். குளோவிஸ் வெள்ளை ஏப்ரனைக்கூடக் கஞ்சி போட்டுத் தயாராக வைத்திருந்தான்.

அவன் போனபிறகு வெர்பீனா சொன்னார், "எனக்குக் கரண்டி வேணும், டெல்ஃபியா. பெருமைக்காக இல்ல. நாளைக்கு நான் எதுக்கு எழுந்திருக்கணும்னு எனக்கே தெரியணும்."

இந்த மாதிரி நேரத்தில் நான் ஏதாவது ஜோக் அடித்துக் கெடுத்துவிடுவேன் என்பதால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டெல்ஃபியா பத்திரத்தை இரண்டு தடவை படித்தார், அந்த வருஷத்துப் பத்திரங்களின் நகல்களையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் சம்பந்தமே இல்லாமல், உங்கள் குடும்பத்தில் கல்யாணம் எப்படி நடக்கும் என்று கேட்டார். எல்லார் வீட்டையும் போலத்தான் என்றார் வெர்பீனா. போதகர் தோட்டத்தின் அந்தக் கோடியில் நிற்பார், மாப்பிள்ளையும் பெண்ணும் இந்தக் கோடியில் நிற்பார்கள், சம்மதம் என்று கத்துவார்கள்.

"கத்துவாங்களா?"

"பின்ன? கத்தினாத்தானே போதகருக்குக் கேக்கும்."

அது உண்மை. வெர்பீனாவின் அண்ணன் மகன் கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். பெண் போட்ட கூச்சலில் அவளுக்கு இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லை என்று நினைத்து, தப்பித்து ஓடுவதற்கு என் வண்டியைக் கொடுக்கிறேன் என்று சைகை காட்டினேன். அப்புறம் கேக் சாப்பிடக் கூப்பிடவே இல்லை.

"போதகரைப் பக்கத்துல வந்து நிக்கச் சொன்னா என்ன?" என்றார் டெல்ஃபியா.

வெர்பீனா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க வழக்கம் அது. மத்தவங்க எப்படியோ, நாங்க மரியாதைப்பட்ட குடும்பம்."

டெல்ஃபியா எழுந்தார். "எம்மட், வண்டிய எடு. ஹாலோவெல் போறோம்."

ஹாலோவெல் பக்கத்துக் கவுண்டி. எங்கள் இரண்டு கவுண்டிக்கும் நடுவில் சல்ஃபர் ஓடைதான் எல்லை. அதைத் தாண்டி எங்கள் ஆட்கள் கூடைப்பந்துப் போட்டிக்கு மட்டும்தான் போவார்கள், அதுவும் கும்பலாக. நூற்றுக்கணக்கான வருஷமாகத் தாத்தா பாட்டிகளைத் தேடும் எங்கள் ஊர்க்காரர்கள் ஒருத்தர்கூட அந்த ஊர்ப் புத்தகத்தைப் புரட்டியதில்லை. எங்கள் பாட்டிக்கு அங்கே என்ன வேலை என்பார்கள்.

வண்டியில் டெல்ஃபியா விளக்கினார். ஏப்ரலில் சல்ஃபர் ஓடை எப்படி இருக்கும் என்று கேட்டார். கரை புரண்டு ஓடும், போன ஏப்ரலில் என் மாமா வீட்டுக் கோழிக்கூண்டே கோழிகளோடு பயணம் போனது என்றேன். அந்தக் காலத்தில் பாலம் உண்டா? இல்லை. பாலம் இல்லாத ஓடைக்கு அந்தப் பக்கம் போதகர், இந்தப் பக்கம் மாப்பிள்ளையும் பெண்ணும். வெள்ளம் வடியும்வரை காத்திருக்க மாப்பிள்ளைக்குப் பொறுமை இல்லை. என்ன செய்வார்கள்?

"கத்துவாங்க," என்றேன்.

"கத்தியிருக்காங்க. ஏன் கத்தினாங்கங்கறதை மறந்துட்டாங்க, கத்தறதை மட்டும் விடல. போதகர் நின்னது ஹாலோவெல் மண்ணு. அவரு குடியிருந்ததும் அங்கதான். அறிக்கையை எங்க கொண்டுபோய்க் குடுத்திருப்பாரு?"

எனக்கே புரிந்துவிட்டது. எப்போதாவது எனக்கு இப்படி ஆகும்.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கவுண்டி தினத்துக்கு வரும் டிராக்டர்களும் குதிரை வண்டிகளும் சாலையை அடைத்துக்கொண்டிருந்தன. நான் முன்விளக்கைப் போட்டேன். எங்கள் பக்கத்தில் சவ ஊர்தி விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தால் எவனாக இருந்தாலும் ஓரம் கட்டியே ஆக வேண்டும். டிராக்டர்கள் ஒதுங்கின. தொப்பிகள் இறங்கின. ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன் சீட்டிலிருந்து டெல்ஃபியா அவருக்குக் கை ஆட்டியபோது மட்டும் கொஞ்சம் குழம்பிப்போனார்.

ஹாலோவெல் கோர்ட் பூட்டியிருந்தது. கிளார்க் ஆர்லோ டாக்கெட் தன் வீட்டு வாசலில் பூசணிக்காய் விற்றுக்கொண்டிருந்தார். வண்டி அவர் வீட்டு முன்னால் போய் நின்றதும் மனிதர் எழுந்து நின்று, எனக்கு நேற்றுத்தான் டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறதென்று சொன்னார் என்றார். நாங்கள் கல்யாண விஷயமாக வந்திருக்கிறோம் என்றேன். அதற்கும் எனக்கு வயதாகிவிட்டது என்றார். டெல்ஃபியா இரண்டு பூசணிக்காய் வாங்கியபின்தான் கிளார்க் சாவியைத் தேட ஒப்புக்கொண்டார்.

புத்தகம் கிடைத்தது. 1799-க்கான போதகர் அறிக்கை, எலைஜா ஸ்ட்ரவுட் என்பவர் கையெழுத்தில். வருஷக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார். கோழி கிளறிய மாதிரி எழுத்து. நடுவில் ஒரு வரி. 'வெள்ளம் காரணமாக ஓடையின் எதிர்க்கரையிலிருந்து மணமுடித்தேன்.' நான் குதித்தேன். டெல்ஃபியாவின் விரல் அதற்கு முன்னால் இருந்த பெயர்களுக்கு நகர்ந்தது. குதித்தவன் கீழே வருவதற்குள் உயிர் போய்விட்டது.

'எஸ்ரா ஹேகர்ட், கெசையா லாம்ப் ஆகிய இருவரையும்.'

ஜூபல் இல்லை. ஜாமீன் போட வந்தவன் மாப்பிள்ளையாகிவிட்டான்.

"டெல்ஃபியாம்மா, குளோவிஸ் நமக்குச் சம்பளம் தரணும். அவன் தாத்தாவை ரெண்டாம் இடத்துலேர்ந்து முதல் இடத்துக்கு நாமளே தூக்கி வெச்சிருக்கோம். இதை இப்படியே மூடி வெச்சுட்டு ரெண்டு பூசணிக்காயோட போயிடலாம்."

டெல்ஃபியா அதே பக்கத்தில் மற்ற வரிகளைப் படித்தார். அப்புறம் எங்கள் கவுண்டி ஜாமீன் பத்திரங்களின் நகல்களைப் பையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடி மூக்கிலிருந்து நழுவிப் புத்தகத்தில் விழும் அளவுக்குச் சிரித்தார். முழுப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து முத்திரை குத்தித் தரச் சொன்னார்.

என்ன என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றார். "உனக்குச் சொன்னா உன் மூஞ்சி ஊருக்கே சொல்லிடும். நீ இப்ப இருக்கற மாதிரியே சோகமா வா. வண்டிக்கும் பொருத்தமா இருக்கு."

நாங்கள் திரும்பியபோது மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. ஜட்ஜ் நான்ஸ் வைக்கோல் வண்டி மேல் நின்றிருந்தார். குளோவிஸ் ஏப்ரன் கட்டிக்கொண்டு கொப்பரைக்குப் பக்கத்தில். அவன் அக்கா லூடி, வம்சாவளிப் பெண்கள் சங்கத்தின் தலைவி, நெஞ்சில் முன்னோர் பெயரில் வாங்கிய நாலு பதக்கத்தோடு. மூன்றாவது கல்யாணத்தின் வாரிசு கிழவர் ஸ்டம்ப், எதற்கும் இருக்கட்டும் என்று முன்வரிசையில். வெர்பீனா கூட்டத்துக்கு ஓரமாக, வெறுங்கையோடு.

டெல்ஃபியா காகிதத்தை ஜட்ஜிடம் தரவில்லை. நேரே குளோவிஸிடம் தந்து, அந்த ஒரு வரியை விரலால் காட்டி, நீயே சத்தமாகப் படி என்றார்.

அவன் படித்தான். பாதியிலேயே குரல் ஏறியது. எஸ்ரா ஹேகர்ட், கெசையா லாம்ப். கூட்டம் சலசலத்தது. வெர்பீனா டெல்ஃபியாவைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். கூலி கொடுத்து வைத்த ஆளே கூரையைப் பிரித்தால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி. எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அப்ப முதல் கல்யாணமே எங்க தாத்தாவோடதுதான்," என்றான் குளோவிஸ்.

"நல்லாப் பாத்துக்கோ. போதகர் தப்பா எழுதியிருக்கலாமே," என்றார் டெல்ஃபியா.

"எழுதினது எழுதினதுதான்."

"சரி. அப்ப ஜூன்ல எஸ்ராவைக் கட்டிக்கிட்ட டெம்பரன்ஸ் யாரு?"

"எங்க கொள்ளுப்பாட்டிக்கும் பாட்டி," என்றார் லூடி பெருமையாக. "அவங்க பேர்லதான் என் பெரிய பதக்கம்."

"கெசையா அப்போ செத்துட்டாளா?"

இல்லையே, அவள் கிழவியாகிப் பேரன் பேத்தி எடுத்தபின்தானே செத்தாள் என்று கூட்டத்திலிருந்து யாரோ சொன்னார்கள். எங்கள் ஊரில் இது எல்லாருக்கும் தெரியும். கல்லறைக் கல் ரோட்டிலிருந்தே தெரியும்.

லூடி விரல் விட்டு எதையோ கணக்குப் பார்த்தார். அவர் கை மெதுவாகப் பதக்கத்தின் மேல் போய் மூடிக்கொண்டது.

"குளோவிஸ், முதல் பெண்டாட்டி உயிரோட இருக்கும்போது ஜூன்ல கட்டிக்கிட்டா, அப்ப நாம யாருடா?"

உதவி செய்வது என் இயல்பு. "சின்ன வீடு," என்றேன்.

கூட்டம் அதிர்ந்தது. பேப்டிஸ்ட் மாதர் சங்கத்து பெஞ்சில் ஒரு அம்மாள் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைக் கடித்தார். ஜட்ஜ் நான்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு சட்டத்தைச் சொன்னார். எழுதினது எழுதினதுதான் என்றால், கெசையா என்பவள் எஸ்ரா ஹேகர்ட்டின் மனைவி, ஆகவே புரூயிட் குடும்பத்துக்கு உரிமை இல்லை. ஜூன் கல்யாணம் செல்லாது, ஆகவே குளோவிஸுக்கும் இல்லை. கரண்டி ஸ்டம்ப் குடும்பத்துக்கு. கிழவர் ஸ்டம்ப் உடனே கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார்.

"இருங்க ஜட்ஜ் ஐயா," என்றான் குளோவிஸ். ஏலத்தில் கடைசி விலை கேட்ட மாதிரி அவசரம். "அந்தப் போதகர் ஒரு மடையன். ஜாமீன் போட்டவன் பேரை மாப்பிள்ளை பேர்னு எழுதி வெச்சிருக்கான். கெசையா வாழ்ந்தது ஜூபல் வீட்டுல. கல்லறைக் கல்லுல ஜூபல் மனைவின்னு இருக்கு. கல்யாணமாகாத ஜோடியைச் சர்ச்சுல சேத்துப்பாங்களா? ரெண்டு பேர் பேரும் சர்ச் புத்தகத்துல சேந்தே இருக்கு."

"போன வாரம் இதெல்லாம் செல்லாதுன்னு சொன்னியே," என்றார் ஜட்ஜ்.

"போன வாரம் எனக்குத் தெளிவில்ல."

லூடி மாதர் சங்கத்து மேஜையிலிருந்து பைபிளைப் பிடுங்கிக்கொண்டு வந்து தம்பியின் கையை அதன்மேல் வைத்து அழுத்தினார். எட்டு ஊருக்குக் கேட்கும் அந்தத் தொண்டை ஊரறியச் சத்தியம் செய்தது. கெசையா லாம்ப் 1799 ஏப்ரலில் ஜூபல் புரூயிட்டைத்தான் சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டாள், வேறு எவனையும் இல்லை, அதற்கு ஹேகர்ட் குடும்பமே சாட்சி. ஜட்ஜ் அதை எழுதி வாங்கி, கையெழுத்தும் வாங்கினார்.

அதற்குப் பிறகுதான் டெல்ஃபியா ஜெராக்ஸ் காகிதத்தைத் திரும்ப வாங்கி மற்ற வரிகளைப் படித்தார். அதே போதகர், அதே வருஷம் மணமுடித்து வைத்த பாலி ஸ்ட்ராதர் என்ற பெண்ணின் மாப்பிள்ளை, அவளுடைய சொந்த அப்பா. அடுத்து வினிஃப்ரெட் கேன். மாப்பிள்ளை அவளுடைய அண்ணன். அதற்கடுத்த பெண்ணுக்குத் தாய்மாமன். கூட்டம் திகைத்து, அப்புறம் புரிந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கிளார்க் கொடுத்த அனுமதிச் சீட்டில் மாப்பிள்ளை பெயர் மேலே, ஜாமீன்காரர் பெயர் கீழே. சீட்டுகளை வருஷம் முழுக்கக் குதிரைப் பையில் திணித்து வைத்திருந்த போதகர், கடைசியில் எழுத உட்கார்ந்தபோது ஒவ்வொன்றிலும் கீழே இருந்த பெயரையே மாப்பிள்ளை என்று எழுதித் தள்ளியிருக்கிறார்.

நான் டெல்ஃபியாவின் காதில் கேட்டேன், இதை முதலிலேயே காட்டியிருந்தால் எனக்கு ஒரு மணி நேரத் துக்கம் மிச்சமாகியிருக்குமே என்று.

"காட்டியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பான். அடுத்த வருஷம் வேற காகிதத்தைத் தூக்கிட்டு வந்திருப்பான். இனிமே எந்தக் காகிதம் வந்தாலும் அவன் சத்தியம்தான் குறுக்க நிக்கும்."

மணி அடித்தது. ஜட்ஜ் கரண்டியை எடுத்து வெர்பீனாவிடம் கொடுத்தார். அவர் அதை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் இந்தத் தடவை ஜன்னலைத் தேடவில்லை, அழுதுவிட்டேன்.

குளோவிஸ் ஏப்ரனை அவிழ்த்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கூட்டத்தின் பின்பக்கமாக நழுவப் பார்த்தான். வெர்பீனா அவனைப் பார்த்துவிட்டார். கரண்டி கொப்பரைக்குள் இறங்கி, அடியில் கிடந்த கறித்துண்டுகளைத் தேடிப் பொறுக்கிக்கொண்டு நிறைந்து வெளியே வந்தது.

"குளோவிஸ், எங்க போற? இங்க வா," என்றார். "இத்தனை பேர் முன்னால எங்க குடும்பத்துக்கு உன் வாயாலயே கல்யாணம் பண்ணி வெச்சிருக்க. கல்யாணச் சாப்பாடு போடாம அனுப்பினா நல்லாவா இருக்கும்?"

அவன் காது சிவக்கத் திரும்பி வந்து கிண்ணத்தை நீட்டினான். நின்றபடியே குடித்துமுடித்து, யாரையும் பார்க்காமல் மறுபடியும் நீட்டினான். வெர்பீனா போட்டார்.